குப்பத்துக் கரையின் மணல் எங்கே போனது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே, அலை தாழும்போது தலைகாட்டும் இரும்புத் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் திறந்த கப்பல் பாலத்தின் மிச்சம். 1952 புயல் பாலத்தைக் கொண்டுபோனது. நின்ற காலமெல்லாம் அது மணலுக்குக் குறுக்கே வரவில்லை. தூண்களுக்கு நடுவே மணல் தன் போக்கில் போய்வந்தது.

இந்தக் கரையில் மணல் ஓடிக்கொண்டே இருக்கும். வாடைக் காற்று வீசும் சில மாதங்கள் தெற்கே போகும். மற்ற மாதங்களில் சோழகக் காற்றின் அலை வடக்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே கரை அகன்றது. வடக்கே நகரத்துக் கரை கரைந்து கருங்கல் குவியலானது. துறைமுகத்துக்கும் நிம்மதியில்லை: வாயில் மணல் மேடிட்டு விசைப்படகுகள் தரைதட்டுகின்றன.

நகரத்துக் கரையிலுள்ள குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் மீனவர்களுக்குக் கரைதான் பட்டறை. பைபர் படகை ஏற்றுவது, வலையை விரித்துக் கிழிசல் பார்ப்பது, நெத்திலியைக் கருவாட்டுக்குக் காயப்போடுவது எல்லாம் மணலில்தான். கரைவலைக்கோ இருபுறமும் ஆள் நின்று கயிறு இழுக்க நீளமான கரை வேண்டும். கருங்கல்லில் நின்று எப்படி இழுப்பது?

தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவ எஃகுத் திட்டை நீருக்கடியில் இறக்கியது. அலை தணிந்தது, மணல் தங்கியது. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் முதலில் மணல் திரும்பியது சுற்றுலாப் பயணிகள் நடக்கும் இடத்துக்கு; படகு ஏற்றும் குப்பங்களுக்கு அல்ல.

வடக்கே போகப் போகச் சிக்கல் கூடுகிறது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. புதுச்சேரித் துறைமுகம் மறித்த மணலுக்கு விழுப்புரம் மாவட்ட மீனவர் வீட்டை இழக்கிறார். ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குத் தாவுகிறது; அந்த ஊரும் கல் கேட்கிறது.

தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியே வடக்கே கொட்டுவது பழைய யோசனைதான். ஒருமுறை செய்து முடிக்கிற வேலையல்ல அது. ஆண்டுதோறும் மணல் வரும், ஆண்டுதோறும் பம்பு ஓட வேண்டும், ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும்.