பச்சை விளக்கை நம்பலாமா?

கிட்டாரில் திறந்த கம்பி சுருதி சேர்ந்திருந்தும் 12ஆம் ஃப்ரெட்டில் ஏறி ஒலிப்பது ஏன்? விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டு இறுக்கம் கூடுகிறது. அதை ஈடுகட்டவே கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்கு நகர்த்தி நீளத்தைக் கூட்டுகிறோம்; அந்த ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிய ஸ்வரமும் லேசாகத் தொட்டு மீட்டிய ஹார்மானிக்கும் ஒன்றாக வேண்டும். இதற்குக் கிளிப் ட்யூனர் போதாதா? அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட். தடித்த ஆறாம் கம்பியில், 12ஆம் ஃப்ரெட்டின் 165 ஹெர்ட்ஸில், அது வெறும் 0.1 ஹெர்ட்ஸ். மலிவான கிளிப் ட்யூனர்களில் இரண்டு மூன்று சென்ட் விலகினாலும் பச்சை விளக்கு எரிந்துவிடும், 0.1 சென்ட் வரை காட்டும் ஸ்ட்ரோப் ட்யூனரிடம் அந்தச் சலுகை கிடையாது. ‘ஐந்து சென்ட் காதுக்கே தெரியாதே’ என்பார்கள். தனி ஸ்வரத்தில் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கார்டாகச் சேர்ந்து ஒலிக்கையில் பிழைகள் மோதி அலையடிக்கும். விரலழுத்தமே சில சென்ட் மாற்றிவிடும் என்பதால், ஸ்ட்ரோப்பை விடவும் துல்லியம் தேடுவது வீண் செலவு. புதுக் கம்பி மாட்டிய பிறகே அளவெடுங்கள்.