தன் வேகத்தைத் தானே காக்கும் யந்திரம்

சென்ற கோடையில் நம் சங்க அங்கத்தினர் ஒருவருடைய கிணற்றடியில் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. மிளகாய்ப் பாத்திக்கு நீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஆயில் என்ஜின் ஓடியதே ஒழிய ஒரே சீராக ஓடவில்லை. அதன் உறுமல் உயரும், உடனே தணியும், தணிந்தது மீண்டும் உயரும். குழாயில் விழும் நீரும் அதற்கேற்பக் கூடிக் குறைந்தது. பழுது பார்க்க வந்திருந்த இளைஞர் கவர்னரின் சுருள்வில்லை இறுக்கினார். வேகம் கூடிற்று, ஏற்ற இறக்கம் மட்டும் போகவில்லை. "என்ஜினுக்கு வயதாகிவிட்டது ஐயா, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். நம் அங்கத்தினரோ முன்பு வாங்கிய கடனின் தவணையையே இன்னும் கட்டித் தீராதவர்.

கவர்னர் என்னும் அச்சிறு உறுப்பு என்ன செய்கிறது, ஏன் சில வேளை தடுமாறுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம் என்று அன்று நமக்குத் தோன்றியது.

யந்திரத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள் இருவகைப்படும். தறியில் ஏறிய ஜக்கார்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அட்டையில் உள்ள துளைகளின்படி அது பாவிழைகளை உயர்த்தும். ஓரிழை அறுந்திருந்தால் அப்பெட்டிக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பூ வேலையை முடித்துக்கொண்டே போகும். இட்ட கட்டளையை நிறைவேற்றுவதன்றி, விளைந்தது என்ன என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. குழித்தறியில் அமர்ந்த நெசவாளரோ அவ்வாறு அல்லர். பாவின் விறைப்பைக் கையால் உணர்ந்து, தளர்ந்தால் இழுத்தும் இறுகினால் விட்டும் கொடுக்கிறார். விளைவை நோக்கி, வேண்டிய அளவோடு அதை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குத் தக்கபடி திருத்துகிறார். இவ்வாறு விளைவே திரும்பி வந்து செயலைத் திருத்துவதைப் பொறியியலார் பின்னூட்டம் என்பர். கவர்னர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அதன் வரலாற்றில் நம் தொழிலுக்கும் பங்குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நூற்பாலைகள் நீராவியை நாடின. ஆனால் வேகம் தடுமாறினால் இழை அறுந்துவிடும். ஆகவே சில ஆலைகளில் நீராவி யந்திரத்தால் நீரை மேலே ஏற்றி, அந்நீரைச் சக்கரத்தின்மேல் விழச்செய்து, அச்சக்கரத்தால் ஆலையை ஓட்டினார்கள். எத்தனை சுற்றுவழி, பாருங்கள்! 1788-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாத்யூ போல்டன் என்பவர் லண்டனில் ஆல்பியன் மாவு ஆலையைப் பார்த்துவிட்டு, தம் கூட்டாளியான ஜேம்ஸ் வாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுழலும் குண்டுகளைக் கொண்டு திரிகைக் கற்களின் இடைவெளியைச் சீராக்கும் அமைப்பு ஒன்றை அங்கே அவர் கண்டிருந்தார். காற்றாலைக்காரர்கள் முன்பே கையாண்ட உபாயம் அது. அவ்வாண்டு முடிவதற்குள் வாட் அதனைத் தம் நீராவி யந்திரத்துக்குப் பொருத்தினார். எஃகுப் பொருள்களை மெருகிடும் பட்டறையை ஓட்டிய அந்த யந்திரம் இன்று லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.

அமைப்பு மிக எளியது. நிமிர்ந்து சுழலும் தண்டு ஒன்று. அதில் இரு கைகள். கைகளின் நுனியில் இரு இரும்புக் குண்டுகள். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து மேலே எழும். எழும்போது ஒரு நெம்புகோலை இழுத்து, நீராவி வரும் வழியைக் குறுக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து வழியைத் திறக்கும். ஆலையில் பத்துத் தறிகளை ஒருங்கே நிறுத்தினாலும் யந்திரம் வெறிகொண்டு ஓடாது. மீண்டும் இணைத்தால் சோர்ந்து நில்லாது. நம் ஆயில் என்ஜினில் குண்டுகளுக்குச் சிறு எடைகளும் சுருள்வில்லும், நீராவிக்குப் பதிலாக எண்ணெயும் வந்திருக்கின்றன, தத்துவம் அதுவே.

இதில் ஒரு குறை உண்டு. பாரம் ஏறினால் வழி முன்னிலும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். வழி திறந்திருக்கக் குண்டுகள் தாழ்ந்திருக்க வேண்டும்; குண்டுகள் தாழ்ந்திருக்க வேகம் சற்றே குறைந்திருக்க வேண்டும். எனவே பழைய வேகம் முழுதும் திரும்புவதில்லை. இதனால் பெருந்தீங்கு இல்லை.

பெருந்தீங்கு வேறொன்று. ஏரி மதகிலிருந்து கடைமடை வயலுக்கு நீர் வந்து சேர அரை நாள் ஆகும் என்று கொள்வோம். வயல் காய்கிறது என்று கேட்ட நீர்க்கட்டி மதகைத் திறக்கிறார். நீர் இன்னும் வரவில்லை என்று மறுபடியும் ஆள் ஓடி வருகிறான். இன்னும் அகலத் திறக்கிறார். மாலையில் எல்லாம் சேர்ந்து வந்து வரப்பை உடைக்கிறது. பதறி முழுதும் அடைக்கிறார். மறுநாள் வயல் மீண்டும் காய்கிறது. நீர்க்கட்டி சோம்பேறியல்லர், அக்கறை மிகுந்தவரே. திருத்தம் தாமதமாகவும் மிகையாகவும் அமைந்தால், திருத்தமே துன்பத்தை வளர்க்கிறது.

கவர்னருக்கும் இதுவே நேர்கிறது. விண்மீன்களைத் தொடர்ந்து திரும்ப வேண்டிய தொலைநோக்கியின் வேகக் காப்புக் கருவி தாறுமாறாக ஆடுவதை இங்கிலாந்தின் அரச வானியலார் ஜார்ஜ் ஏரி 1840-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். 1868-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கவர்னர்களைப் பற்றிய தம் கட்டுரையில், தடுமாற்றம் எப்போது தானே அடங்கும், எப்போது மேன்மேலும் வளரும் என்பதைக் கணிதத்தால் முன்கூட்டியே அறியலாம் என்று காட்டினார். அதுவரை பட்டறையின் கைப்பழக்கமாக இருந்தது அன்றுமுதல் சாஸ்திரமாயிற்று.

அடுத்த பெரிய அடி கப்பலில் வைக்கப்பட்டது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கலாஸ் மினார்ஸ்கி, சுக்கான் பிடிக்கும் மாலுமி எவ்வாறு நிதானிக்கிறார் என்பதை ஆராய்ந்து, 1922-இல் அதற்குக் கணித உருவம் தந்தார். தேர்ந்த மாலுமி இப்போதுள்ள பிழையை மட்டும் பார்ப்பதில்லை. நெடுநேரம் தேங்கி நிற்கும் சிறு பிழையையும் கணக்கில் கொள்கிறார். கப்பல் எத்துணை விரைவாகத் திரும்பி வருகிறது என்று கண்டு முன்னதாகவே சுக்கானைத் தளர்த்துகிறார். மேலே சொன்ன குறையை இரண்டாவதும், ஆட்டத்தை மூன்றாவதும் தீர்க்கின்றன. அடுத்த ஆண்டு 'நியூ மெக்ஸிகோ' என்னும் போர்க்கப்பலில் அவருடைய கருவியைச் சோதித்தார்கள். மாலுமிகள் அதை விரும்பவில்லை. தம் கைத்திறனைக் கற்றுக்கொண்டு தமக்கே போட்டியாக வந்த பெட்டியை யார்தாம் விரும்புவர்? எனினும் இன்று சாயத் தொட்டியின் வெப்பத்தைக் காக்கும் சிறு மின்னணுப் பெட்டிகள் பலவற்றிலும் அம்மாலுமியின் மூன்று நிதானங்களே எண்களாக வேலை செய்கின்றன.

கிணற்றடிக்குத் திரும்புவோம். இளைஞர் போன பிறகு பக்கத்து ஊரிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். என்ஜினை நிறுத்தச் சொல்லி, கவர்னரிலிருந்து எண்ணெய்ப் பம்புக்குச் செல்லும் கம்பியை விரலால் மெல்லத் தள்ளினார். அது பாதி வழியில் சிக்கிற்று. சற்று அழுத்தியதும் துள்ளி மறுபுறம் போயிற்று. "பார்த்தீர்களா? குண்டு சொல்வது ஒன்று, இது கேட்பது ஒன்று; அதுவும் காலம் தாழ்த்திக் கேட்கிறது" என்றார். எண்ணெயில் தோய்ந்த கம்பி வழுவழுப்பாக, மெதுவாக நகருமானால் ஆட்டம் அடங்கும். ஒட்டிப் பிடித்துத் துள்ளுமானால் ஆட்டம் பிறக்கும் என்றும் விளக்கினார். இளைஞர் இறுக்கிய சுருள்வில்லைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார். மூட்டில் தேய்ந்திருந்த ஊசியை மாற்றி, பிசுக்கேறிய இடங்களை மண்ணெண்ணெயால் கழுவி, புது எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். எண்ணெய்க் குழாயில் காற்று அடைத்திருந்தாலும் இவ்வாறே ஆடும் என்று அதனையும் திறந்து பார்த்துக்கொண்டார்.

என்ஜின் மீண்டும் கிளம்பி இரண்டொரு முறை உறுமி ஒரே குரலில் நிலைத்தது. புது என்ஜினுக்கெனக் கடன் மனு எழுத எடுத்த தாளை நம் அங்கத்தினர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எஞ்சிய பாத்திகளுக்கு மடை மாற்றச் சென்றார்.