வீட்டோடு வடக்கே: அலாஸ்கா நெடுஞ்சாலையில் மோட்டார்ஹோம் பயணம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டாசன் கிரீக் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் நடுவே நிற்கும் வெள்ளைக் கம்பம்தான் அலாஸ்கா நெடுஞ்சாலையின் தொடக்கம். மே மாதக் கடைசியில் பனி விலகியதும் மோட்டார்ஹோம்கள் அந்தக் கம்பத்தைக் கடந்து வடமேற்கே போகத் தொடங்கும். செப்டம்பர் நடுவில் குளிர் இறங்குவதற்குள் திரும்பிவிடும். அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 2,230 கிலோமீட்டர். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இந்தக் கம்பத்தை எட்டவே சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். அதனால் போய்வர இரண்டு, மூன்று மாதம் ஒதுக்குகிறவர்கள் பலர்.

நம் ஊரில் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பலரும் பார்த்திருப்பார்கள். மோட்டார்ஹோமும் ஏறத்தாழ அப்படியொரு வண்டிதான். ஓட்டிக்கொண்டு போவதற்கும், வழியில் குடியிருப்பதற்கும் கட்டப்பட்டது. இதில் மூன்று வகை உண்டு. பேருந்து போன்ற பெரிய உடல் கொண்டது ஏ வகை. வேனின் உட்புறத்தையே வீடாக்கியது பி வகை. வேனின் முன்பாகத்தை வைத்துக்கொண்டு பின்னால் பெட்டி போல் வீடு கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை அமைத்தது சி வகை. வாடகைக்குக் கிடைப்பவற்றில் சி வகையே அதிகம். பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பின்னால் ஒரு சிறிய காரையும் கட்டி இழுத்து வருவார்கள். முகாமில் வீட்டை நிறுத்திவிட்டு, கடைக்கும் மலைப்பாதைக்கும் அந்தக் காரில் போய் வரலாம்.

இந்த வீட்டை நடத்துவது தண்ணீர்க் கணக்கு. வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு, அடுத்தது குளியல், பாத்திரம் கழுவிய நீருக்கு, மூன்றாவது கழிப்பறைக்கு. நடுத்தர வண்டியில் 150 முதல் 200 லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கும். இணைப்பு இல்லாத இடத்தில் நான்கு பேர் சிக்கனமாகப் புழங்கினாலும் சில நாளில் தீர்ந்துவிடும். கழிவுத் தொட்டிகளைச் சாலையோரம் திறந்துவிடுவது குற்றம். அதற்கென அமைந்த கழிவு இறக்கும் நிலையத்தில் தடித்த குழாய் மாட்டித்தான் காலி செய்ய வேண்டும். அடுப்பும் வெப்பமூட்டியும் புரோப்பேன் எரிவாயுவில் இயங்குகின்றன. பல வண்டிகளில் குளிர்ப்பெட்டிக்கும் அதுதான். விளக்குக்குத் தனி மின்கலம் உண்டு. தனியார் முகாம்களில் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் இணைப்பாகக் கிடைக்கும். பூங்காக்களுக்குள் உள்ள அரசு முகாம்கள் பலவற்றில் நிறுத்த இடமும், தீ மூட்ட வளையமும், ஒரு மேசையும் மட்டுமே இருக்கும்.

வடக்கே போகும் வழிகளில் பலரும் விரும்புவது ராக்கி மலைத்தொடர் வழி. கால்கரி நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் பான்ஃப் வருகிறது. 1885இல் ஒதுக்கப்பட்ட இது கனடாவின் முதல் தேசியப் பூங்கா. அதற்கு வடக்கே 1907இல் அமைந்தது ஜாஸ்பர். இரண்டையும் இணைக்கும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே 230 கிலோமீட்டர் நீளும். வழியில் கொலம்பியா பனிப்புலத்திலிருந்து வழியும் அதபாஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரியும். 2024 ஜூலையில் மூண்ட காட்டுத்தீ ஜாஸ்பர் ஊரின் ஒரு பகுதியை அழித்தது. கோடையில் இந்த வட்டாரத்தில் தீயும் புகையும் சாலையை மூடக்கூடும் என்பதால், பயணத் திட்டத்தில் சில நாட்களைக் கையிருப்பாக வைப்பது வழக்கம்.

டாசன் கிரீக்கைத் தாண்டியதும் தொடங்கும் நெடுஞ்சாலை போரில் பிறந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதும், தரைவழித் தொடர்பே இல்லாத அலாஸ்காவைக் காக்க வேண்டிய நெருக்கடி அமெரிக்காவுக்கு வந்தது. 1942 மார்ச்சில் வேலை தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் சதுப்பிலும் கொசுக்கடியிலும் காட்டை வெட்டி, எட்டே மாதத்தில் வழி திறந்தார்கள். வேலை செய்த ஏழு பொறியியல் படைப்பிரிவுகளில் மூன்று கறுப்பின வீரர்களுடையவை. அன்றைய அமெரிக்க ராணுவம் அவர்களைத் தனியே பிரித்து வைத்திருந்த காலம் அது. சாலையோடு வந்த தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் வழியோரப் பூர்வகுடி ஊர்களில் பலரைக் கொன்றன. பொதுமக்களுக்குச் சாலை முழுமையாகத் திறந்தது 1948இல். அடுத்த ஆண்டே, வழியிலுள்ள ஒவ்வொரு மைலையும் சொல்லும் 'தி மைல்போஸ்ட்' கையேடு வெளிவந்தது. கைப்பேசி அலை எட்டாத நீண்ட பகுதிகள் இருப்பதால் இன்றும் அது வண்டிகளில் இருக்கிறது.

ஃபோர்ட் நெல்சன் என்ற ஊருக்குப் பிறகு சாலை மலையேறுகிறது. இதன் மிக உயரமான இடம் சம்மிட் கணவாய். உயரம் சுமார் 1,295 மீட்டர்தான், கொடைக்கானலின் உயரத்தை விடக் குறைவு. ஆனால் இந்த அட்சரேகையில் அந்த உயரத்திலேயே மரங்கள் குட்டையாகிவிடுகின்றன. மன்ச்சோ ஏரியின் பச்சைநீல நீரைச் சுற்றிக் கடந்தால் லியார்டு வெந்நீர் ஊற்று. மரப்பலகை நடைபாதை வழியே போய்க் காட்டு நடுவில் இறங்கிக் குளிக்கலாம். இப்பகுதியில் பைசன் என்னும் காட்டெருமைகள் சாலையோரப் புல்லை மேய்ந்து நிற்கும். இரவில் வண்டி ஓட்டுவதை அனுபவசாலிகள் தவிர்ப்பது இதனால்தான்.

யூக்கான் பிரதேசத்தின் வாட்சன் லேக்கில் ஊர்ப்பலகைகளால் ஆன காடு இருக்கிறது. 1942இல் சாலை வேலைக்கு வந்த ஒரு படைவீரர், ஊர் நினைப்பில் தன் சொந்த ஊரின் பெயரையும் தொலைவையும் எழுதி ஒரு கம்பத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் தொடர, பலகைகள் பல்லாயிரமாகிவிட்டன. டாசன் கிரீக்கிலிருந்து சுமார் 1,420 கிலோமீட்டரில் பிரதேசத் தலைநகர் வைட்ஹார்ஸ். பெரிய கடை, பழுதுபார்க்கும் பட்டறை, டயர் எல்லாம் கிடைக்கும் கடைசிப் பெரிய ஊர் என்பதால் பலர் இங்கே இரண்டு நாள் தங்குகிறார்கள். அதற்கு அப்பால் குளுவேன் பூங்கா. கனடாவின் மிக உயர்ந்த சிகரமான 5,959 மீட்டர் லோகன் மலை இதற்குள் இருக்கிறது. ஆனால் முன்வரிசை மலைகள் மறைப்பதால் நெடுஞ்சாலையிலிருந்து அது தெரிவதில்லை.

குளுவேன் ஏரியைத் தாண்டி அலாஸ்கா எல்லை வரை உள்ள பகுதிதான் ஓட்டுநரின் கையைச் சோதிப்பது. இங்கே மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் உறைந்த படுகை உண்டு. மேலிருக்கும் பாசியும் செடியும் அதை வெயிலிலிருந்து காத்து வந்தன. சாலைக்காக அவற்றைச் சுரண்டியதும் உறைமண் அங்கங்கே உருகி அமிழ்கிறது. தார்ச்சாலை அலை அலையாக மேலும் கீழும் வளைகிறது. மேடு பள்ளத்தைக் காட்டச் சிறு கொடிகள் நட்டிருப்பார்கள். பின்புறம் நீண்ட மோட்டார்ஹோம் வேகமாகப் போனால் வால்பகுதி தூக்கி அடிக்கும். உள்ளே அலமாரிகள் திறந்து பாத்திரங்கள் உருளும். கற்கள் தெறித்து முன்கண்ணாடி கீறுவதும் சாதாரணம். பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் போக நேரும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நெடுஞ்சாலை ஒன்றுக்கே சுமார் 560 லிட்டர் தேவை என்பதால், பாதித் தொட்டி குறைந்ததும் நிரப்பிவிடுவதுதான் இங்குள்ள பழக்கம்.

கரடி நாட்டில் வீட்டைப் பூட்டுவது மட்டும் போதாது. உணவு, குப்பை, பாத்திரம், நாய்க்கான தட்டு என எதையும் வெளியே விடக் கூடாது. மனித உணவின் சுவை கண்ட கரடி முகாம்களைத் தேடி வரத் தொடங்கும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். கனடாப் பூங்காக்களில் கரடியிடமிருந்து 100 மீட்டரும், எல்க், மூஸ் போன்ற பெரிய மான்களிடமிருந்து 30 மீட்டரும் விலகி நிற்பது விதி.

டெல்டா ஜங்ஷனில் நெடுஞ்சாலை முடிகிறது. ஃபேர்பேங்க்ஸ் நகர் வழியே தெற்கே திரும்பினால் 1917இல் அமைந்த டெனாலி தேசியப் பூங்கா. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம், 6,190 மீட்டர் உயரமுள்ளது, இங்கேதான் இருக்கிறது. கொயுகான் பூர்வகுடி மொழியில் டெனாலி என்றால் உயர்ந்தது என்று பொருள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு, டெனாலி எனப்பட்ட சிகரத்துக்கு மெக்கின்லி என்ற பழைய பெயரை மீண்டும் சூட்டியது. பூங்காவின் பெயர் மாறவில்லை. கோடையில் பல நாட்கள் சிகரம் மேகத்துக்குள்தான் இருக்கும்.

பூங்காவுக்குள் 148 கிலோமீட்டருக்கு ஒரே சாலை. அதில் சொந்த வண்டிகளுக்கு முதல் 24 கிலோமீட்டர்தான் அனுமதி. 29ஆம் மைலில் உள்ள டெக்லனிகா முகாமில் குறைந்தது மூன்று இரவுக்கு இடம் பெற்றவர்கள் அதுவரை வண்டியோடு போகலாம். ஆனால் கிளம்பும் நாள் வரை வண்டியை அங்கிருந்து எடுக்கக் கூடாது. அதற்கு அப்பால் பூங்காவின் பேருந்து, அல்லது மிதிவண்டி, அல்லது நடைப்பயணம். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்த வீடு முகாமிலேயே நிற்கும்.