விடுப்பில் ஒரு கடல் – 7: குருசடை மணலுக்கடியில்

குருசடை, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் இத்தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் கடலும் கரையும் உயிர்க்கோளக் காப்பகமாயின. ஓசூரிலிருந்து பாம்பன் வரையிலான சாலைப் பயணம் சென்ற இதழோடு முடிந்தது. அங்கே சொல்வதாக வாக்களித்த பவளப்பாறைக்கு முன்னால், இந்த வாரம் ஒரு புழுவுக்கு இடம் விட வேண்டியிருக்கிறது.

பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள குந்துகால்தான் படகு ஏறும் இடம். மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கொழும்பு வழியாக வந்து இறங்கிய கரை இது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். நினைவு மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறையின் படகில் போகலாம். கடல் சீராக இல்லாத நாளில் படகு விடமாட்டார்கள்.

பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் பொங்கும். வடகிழக்குப் பருவத்தில் வடகடலின் முறை. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும். ஆகவே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு ஆயுதபூஜை விடுப்பைவிடப் பொங்கல் விடுப்பே இப்பயணத்துக்கு ஏற்றது.

தீவு சிறியது. வெண்மணல் கரை, அலையாத்திப் புதர்கள், முழங்கால் அளவுத் தெளிந்த நீர், அதற்கப்பால் கடற்புல்லும் பவளமும். கடைகளோ விடுதிகளோ இல்லை. கரையின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தீவின் பெரும் பகுதியைத் தவறவிட்டவர்கள். நீர் வற்றும் நேரத்தில் ஈர மணலில் முறுக்கு பிழிந்து வைத்தாற்போலச் சுருள் சுருளாக மணல் குவியல்கள் தென்படும். அவற்றின் கீழே இருப்பது டைக்கோடெரா ஃபிளாவா. பள்ளி விலங்கியல் பாடத்தில் படித்த பலனோகிளாசஸின் நெருங்கிய உறவு இது.

மஞ்சள் நிறம், மெல்லிய உடல், தொட்டால் வழுக்கும் சளி, மருந்துக் கடையின் அயோடபார்ம் வாடை. முன்னால் மணலைத் துளைக்கும் கூம்பு, அதன் பின்னே ஒரு கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட உடல். மணலை விழுங்கி, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மீதியை வெளியே தள்ளுகிறது. மேலே தெரியும் சுருள் அதுதான். இதை முதலில் விவரித்த இயற்கையியலாளர் எஷ்ஷோல்ட்ஸ், 1825-ல், கடல் அட்டை வகை என்று எண்ணினார். இவ்வகைப் புழுவின் குஞ்சுப் பருவமான டார்னேரியாவை 1850-ல் கண்ட விலங்கியலாளர் முல்லர் அதை நட்சத்திர மீன் கூட்டத்தில் சேர்த்தார். 1866-ல் ரஷ்ய விலங்கியலாளர் கோவலேவ்ஸ்கி பலனோகிளாசஸின் உடலில் செவுள் பிளவுகளைக் கண்டார். மீனுக்கு உள்ளது முதுகெலும்பே இல்லாத புழுவுக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்வி இந்த எளிய உயிரை முதுகெலும்பிகளின் தூரத்து உறவாக்கியது.

மனிதனுக்கும் அந்த உறவில் பங்குண்டு. கருவிலிருக்கும் குழந்தையின் தொண்டைப் பகுதியில் செவுள் பிளவுகளுக்கு ஒத்த சில பைகள் தோன்றுகின்றன; அவற்றிலிருந்தே நடுச்செவிக் குழலும் டான்சிலும் தைமஸ் சுரப்பியும் உருவாகின்றன. 2015-ல் இப்புழுவின் மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது, செவுள் பிளவுகளை அமைக்கும் மரபணுக்கள் சில, முதுகெலும்பிகளில் உள்ளதைப் போலவே, அடுத்தடுத்து வரிசையாக அமைந்திருப்பது தெரிந்தது. உடலை நடுவே துண்டித்தால் இரண்டு வாரத்தில் தலையும் நரம்பு மண்டலமும் மீண்டும் வளர்கின்றன. இந்தத் தூரத்து உறவுக்கு இருக்கும் அந்தத் திறன் மனிதனிடம் ஏன் இல்லை என்பதை ஆய்வாளர்கள் இன்னும் தேடுகிறார்கள்.

இக்குடும்பத்தின் வயதும் வியப்புக்குரியது. கனடாவின் பர்ஜஸ் பாறைப் படிவத்தில் கிடைத்து 2013-ல் விவரிக்கப்பட்ட ஸ்பார்ட்டோபிராங்கஸ் என்ற உறவுப்புழு, சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் குழாய்க்குள் வாழ்ந்தது. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. அக்கல் உருவானபோது செவுள் என்ற உறுப்பே உலகில் இல்லை. குருசடையோ பவளத்தின் மேல் மணல் சேர்ந்து சில ஆயிரம் ஆண்டுகளில் எழுந்த திட்டு. மிக இளைய தரையில் மிகப் பழைய குடி.

சென்னை அருங்காட்சியகம் 1927-ல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டது. அதன் பின் தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் இங்கே கல்விச் சுற்றுலா வந்திருக்கிறார்கள். இது தேசியப் பூங்கா என்பதால் சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. மணலைக் கிளறிப் புழுவைத் தேடவும் கூடாது. சுருள்களை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தால் போதும், புழு தன் வேலையைப் பார்க்கும். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவதும், நீரில் இறங்கினால் பவளத்தின் மேல் கால் வைக்காமலிருப்பதும் கட்டாயம்.

அந்தப் பவளத்தின் மேல் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் குருசடையில் பதிவு செய்தார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் காராஜினான் என்ற பொருளுக்காக மண்டபம் கடற்கரையில் வளர்க்கப்பட்ட பாசி அது. பவளப்பாறையும் பாசியும் அடுத்த இதழில்.