நீல நிறம் சொன்ன கதை

"மொழி தெரியாத பாட்டில் உனக்கு என்ன புரிகிறது?" என்று ஒருநாள் என் தந்தை கேட்டார். நான் ஜப்பானியப் பாடல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தி தெரியாமலேயே 'ஆராதனா' (1969) படப் பாடல்களை இன்றும் முணுமுணுக்கும் எங்கள் தாத்தா, "பாட்டுக்கு மொழி எதற்கு?" என்று எனக்காகப் பரிந்து பேசினார். ஆயினும் தந்தையின் கேள்விக்கு விடை கூறுவது என் கடமை. அவ்விடையே இக்கட்டுரை.

அப்பாடலைத் தந்தவர்கள் 'யோஅசோபி' என்னும் குழுவினர். 2019ஆம் ஆண்டு தொடங்கிய இக்குழுவில் இருப்பவர் இருவரே. அயாசே இசையமைக்கிறார், இகுரா பாடுகிறார். யோஅசோபி என்றால் இரவு விளையாட்டு என்று பொருள்.

மற்றக் குழுக்களுக்கு இல்லாத சிறப்பு ஒன்று இவர்களுக்கு உண்டு. இங்கே முதலில் பிறப்பது கதை, பிறகே பாட்டு. சோனி இசை நிறுவனத்தின் இணையதளம் ஒன்றில் புதிய எழுத்தாளர்கள் எழுதிய சிறுகதைகளே இவர்களுடைய தொடக்கப் பாடல்களுக்கு வித்தாயின. அப்பாடல்களின் படக்காட்சிகளும் பெரும்பாலும் அசையும் ஓவியங்களே.

2023இல் வெளிவந்த 'ஐடல்' என்னும் பாடல், அமெரிக்கா நீங்கலான பில்போர்டு உலக வரிசையில் முதலிடம் பெற்றது. ஜப்பானிய மொழிப் பாடல் ஒன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதல் முறை. முதலில் அதன் துள்ளலையும் வண்ணங்களையும் கண்டு மகிழ்ந்தேன். அன்பு இன்னதென்று அறியாமலேயே எல்லோரிடமும் "அன்பு" என்று பொய் சொல்லும் ஒரு மேடை நட்சத்திரத்தின் கதை அது என்று அறிந்த பின், அவளுடைய புன்னகையை முன்போல் பார்க்க முடியவில்லை.

ஆனால் என் மனத்தைத் தொட்டது 2020இல் வந்த 'குன்ஜோ'. ஆழ்ந்த நீல நிறத்தின் பெயர் அது. யமகுச்சி சுபாசாவின் 'புளூ பீரியட்' என்னும் சித்திரக்கதையிலிருந்து பிறந்த பாடல். அதன் நாயகன் யாதோரா நன்றாகப் படிப்பவன். எனினும் உள்ளத்தில் வெறுமை. ஒருநாள் ஓவிய வகுப்பில், டோக்கியோவின் ஷிபுயா பகுதியை, விடியற்காலையில் தன் கண்ணுக்குத் தோன்றியவாறே நீல நிறத்தில் தீட்டுகிறான். அது எந்த இடம் என்று நண்பர்கள் கண்டுகொண்டதும் அவன் கண்கள் கலங்குகின்றன. தன் மனம் பிறருக்குப் புரிந்துவிட்டது அல்லவா! பாடலிலும் இகுராவின் குரலோடு பல குரல்கள் சேரும்போது எனக்கு அந்நண்பர்களே நினைவுக்கு வருகின்றனர்.

அவன் கலைக் கல்வியை விரும்ப, தாய் கவலைப்படுகிறார். அவன் தாயையே ஓவியமாக வரைந்து காட்டுகிறான். வீட்டு வேலையால் அவர் கைகள் காய்ந்து போயிருப்பதை வரையும்போதுதான் உணர்கிறான்.

பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவில் சேர்வது என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் நடக்கிறது. தந்தையின் விருப்பம் கணிதம். என் விருப்பம் ஓவியம். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். இப்பாடலின் கதையை அறிந்த பின், அவர் செய்தித்தாள் படிக்கும்போது எதிரில் அமர்ந்து வரைந்தேன். அவர் காதோரம் இவ்வளவு நரைத்திருப்பதை அன்றுதான் கண்டேன். ஓவியத்தை நெடுநேரம் பார்த்த அவர், "யோசிப்போம்" என்றார்.

முடிவு எதுவாயினும் சரி, பேச்சு தொடங்கிவிட்டது. அன்புத் தோழியரே, வாயால் சொல்ல இயலாததை எழுதியோ வரைந்தோ பெற்றோரிடம் காட்டுங்கள். அப்பா, மொழி தெரியாத அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்தது இதுதான்.