பழம் போர்க் கைத்துப்பாக்கிகளில் குழல் மாற்றம்: லூகரும் மௌசரும்

பழங்கைத்துப்பாக்கியின் தேய்ந்த குழலை மாற்றுவது பொறியியல் சிக்கல் மட்டுமன்று, சான்றியல் சிக்கலுமாகும். செருமானியத் தரைப்படை 1908இல் ஏற்ற லூகர் பி08இன் 100 மி.மீ. நீளக் குழல் திருகுமரையால் பொருத்தப்பட்டது. ஆகவே அதனைக் கழற்றி, அக்காலத்துக் குழல் வேறொன்றைப் பொருத்த இயலும். மௌசர் சி96இலோ குழலும் அதன் பின்நீட்சியும் ஒரே எஃகுத் துண்டாலானவை. குழலை மட்டும் மாற்ற இயலாது. உட்புறத்தைக் குடைந்து புதிய உட்குழல் செருகுவதே அங்குள்ள வழி.

படைத்துறை லூகரின் குழலடியில் துப்பாக்கியின் தொடரெண் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றுக்குழலின் எண் அதனோடு பொருந்தாது. பொருந்துமாறு புதிதாகப் பொறிப்பது போலிச் சான்றை உருவாக்குவதாகும். எனினும் எல்லா மாற்றமும் பிழையன்று. வெர்சாய் உடன்படிக்கைக்குப் (1919) பின்னர் 7.65 மி.மீ. குறுங்குழல் பொருத்தப்பெற்ற லூகர்களில் அம்மாற்றமே வரலாற்றுச் சான்று. ஆதலின் கழற்றிய குழலைப் பேணி, மாற்றத்தை ஆவணப்படுத்துவதே நெறியாகும்.