சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால்?

ஜொகூரில் கார் லைசென்ஸ் எடுக்கப் போகிறவருக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. சோதனையில் தடுமாறுகிறவர்கூட, சமிக்ஞை விளக்கில் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடத்தை வைத்தே சொல்லிவிடுவார். கணினித் திரையில் என்ன செய்வார்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' மென்பொருள், கணினி நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணக்கு வைக்கிறது. எழுத்து மட்டுமே ஓடும் கறுப்புத் திரையில், நீக்கிய வரி சிவப்பு. சேர்த்த வரி பச்சை. இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பெண்களைவிட ஆண்களில்தான் மிக அதிகம். நல்லவேளை, வரியின் முன்னால் கழித்தல், கூட்டல் குறிகளும் நிற்கின்றன. விளக்கில் இடம் செய்யும் வேலையை இங்கே குறி செய்கிறது.

நிறத்தோடு அப்படியே கோப்பில் சேமித்தால் வண்ணக் கட்டளைகள் எழுத்தோடு கலந்து குப்பையாகிவிடும். அதனால், 2013-இல் வந்த 1.8.4 பதிப்பிலிருந்து, திரைக்குப் போனால் நிறம், கோப்புக்குப் போனால் வெறும் எழுத்து என்பதே இயல்பு ஏற்பாடு.

சிவப்புக்குப் பதில் நீலமோ மஞ்சளோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டளை எழுதி மாற்ற வேண்டியவர் பயனாளர்தான். மென்பொருள் தானாகக் கேட்பதில்லை.